சுவரைப் பார்த்த நாற்காலி

இந்த ஊரில் மாதத்தில் ஒரு நாள் என்னைச் சுவரைப் பார்த்து உட்காரச் சொல்கிறார்கள். தண்டனை இல்லை, தொழில்முறையாம். பர்மிங்ஹாமில் நான் கோச்சாக இருக்கிறேன். கிரிக்கெட் கோச் இல்லை. வேலையில் திணறுகிறவர்களோடு உட்கார்ந்து, அவர்களே ஒரு வழிக்கு வரும்படி கேள்வி கேட்கிற வேலை. எங்களையும் யாராவது கவனிக்க வேண்டுமல்லவா? அதற்காக ஆறு கோச்சுகள் வட்டமாகக் கூடுகிறோம். குரூப் சூப்பர்விஷன் என்று பெயர். ஒருவர் தன் கேஸைச் சொல்லி முடித்ததும் நாற்காலியைத் திருப்பிக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் அவர் அங்கே இல்லாததுபோல் அவரைப் பற்றிப் பேசுவார்கள். இதை நடத்துகிற ஹெலன் கையெழுத்துப் போட்டால்தான் எனக்குச் சான்றிதழ். அது இல்லாவிட்டால் எந்தக் கம்பெனியும் என்னைக் கூப்பிடாது.

அன்று என் கேஸ் ஒரு பஸ் டிப்போ மேனேஜர். மேலதிகாரி படுத்தும் பாட்டைச் சொல்லி அழுத பெண். கேள்வி மட்டும்தான் கேட்டிருக்க வேண்டும். நானோ, "நாளைக்கே எழுத்தில் புகார் கொடு" என்று சொல்லிவிட்டேன். நடந்ததை மறைக்காமல் வட்டத்தில் சொல்லிவிட்டுத் திரும்பி உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் பீட்டர் என்கிற கோச்சின் குரல் கேட்டது.

"அந்தக் கோபம் இவருடையது போலிருக்கிறது. அந்தப் பெண்ணுடையது அல்ல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் திருவொற்றியூரில், விம்கோ நகர் பக்கம், ஒரு மாத்திரை பேக்கிங் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்தேன். அங்கும் எங்களுக்கு ஒரு வட்டம் உண்டு, மதியம், டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு. தாமதமாக வந்த சாந்திக்கு நான் அரை நாள் ஆப்சென்ட் போட்ட அன்று, அட்டைப்பெட்டி ஒட்டும் மேரி என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"இன்னாமே, சூப்பர்வைசர் ஆனதும் கண்ணு தெர்லியா? அவ புள்ளைக்கு ஜொரம் அடிச்சிகினு கீது. இன்னா ஏதுன்னு ஒரு வார்த்த கேட்டியா நீ?"

திட்டிக்கொண்டே தன் வறுத்த மீனில் பாதியை என் பாக்ஸ் மூடியில் வைத்தாள். நான் அழுதேன், மீனையும் தின்றேன், மாலையில் ரிஜிஸ்டரில் அந்த ஆப்சென்டை அடித்துவிட்டேன். அந்தப் பேச்சைச் சினிமாவில் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். அதில் யாரும் என் முதுகோடு பேசவில்லை.

சுவரை விட்டு வட்டத்தின் பக்கம் நாற்காலியைத் திருப்பினேன். ஹெலன் தலையைச் சாய்த்து மென்மையாகக் கேட்டார்.

"பாதுகாப்பில்லாததுபோல் இருக்கிறதா?"

"இல்லை, கோபமாக இருக்கிறது. என்னைப் பற்றிச் சொல்வதை என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்."

"உங்களால் விமர்சனத்தைத் தாங்க முடியவில்லையோ?"

தாங்கத்தானே திரும்பினேன்! அதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது? பீட்டரைப் பார்த்தேன். முகம் சிவந்துபோய்ச் சொன்னார்.

"அவள் என்ன செய்ய வேண்டும் என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை."

வலித்தது. அவர் சொன்னது சரி. ஒப்புக்கொண்டேன். ஆனாலும் நாற்காலியைத் திரும்பச் சுவர் பக்கம் நகர்த்தவில்லை. ஹெலன் கையெழுத்துப் போடவில்லை. அடுத்த மாதம் பார்ப்போம் என்றார். பார்ப்போம் என்றேன் நானும்.

அடுத்த மாதம் பீட்டரின் முறை. கேஸைச் சொல்லி முடித்துத் தானாகவே சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கு அதுதான் வசதி போலும், தோள்கள் தளர்ந்தன. மற்றவர்கள் பேசினார்கள். நான் பேச வேண்டிய முறை வந்தபோது ஒரு மனிதனின் முதுகைப் பார்த்துப் பேச எனக்கு நாக்கு எழவில்லை. எழுந்து போய் அவருக்கும் சுவருக்கும் நடுவில் நின்றேன். அவர் தோளுக்கு மேலே, வட்டத்தில் என் காலி நாற்காலி தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் ஹெலன், மடியில் இன்னும் கையெழுத்தாகாத என் சான்றிதழ்ப் படிவம். என் முதுகு சுவரில் இடித்தது. பீட்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் பேச ஆரம்பித்தேன்.