குட்டைக்கால் வம்சமும் பட்டாணிப் பாடமும்

புது அறைக்குக் குடிவந்த அன்று பட்டதாரி முதலில் செய்த வேலை, சுவரில் ஆணி அடித்துத் தன் தாவரவியல் பட்டச் சான்றிதழை மாட்டியதுதான். கட்டில் மறுநாள்தான் வந்தது. அன்று ஒரு ராத்திரி சான்றிதழ் உயரத்திலும் அவன் வெறுந்தரையிலுமாகப் படுத்திருந்தார்கள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் அவன். அதை அவன் மறந்தாலும் எதிரில் இருப்பவரை மறக்க விடமாட்டான்.

நாலு மாடிக் கட்டடம்; அதன் மொட்டை மாடியில் ஒற்றை அறை. மறுநாள் காலை சரியாக ஏழு மணிக்கு, தலைமாட்டிலேயே ஒரு சேவல் கூவியது. கதவைத் திறந்தால், தண்ணீர்த் தொட்டி நிழலில் முக்காலி போட்டு நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க நெட்டையான ஒருவர் உட்கார்ந்திருந்தார். மடியில் சேவல். பழைய பல் பிரஷ் ஒன்றால் அதன் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சேவல் புறாவைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அதற்குக் கால் இருக்கிறது என்று சொல்வதே மரியாதைக்காகத்தான். நின்றால் வயிறு தரையைத் தொட்டது, வால் மட்டும் தலைக்கு மேலே விறைத்து நின்றது.

"என்னண்ணே, குஞ்சா?"

"குஞ்சா? எட்டு வயசாகுது. பேரு மேனேஜர். மரியாதையா பேசுங்க தம்பி."

"இது கூவுறதுக்கு அக்கம்பக்கத்துல சண்டைக்கு வரமாட்டாங்களா?"

"ராத்திரி இந்தப் பெட்டியில போட்டுடுவேன். கூரை தாழ்வு. கழுத்தை நீட்ட முடியலன்னா கூவ வராது. ஏழு மணிக்குத்தான் வெளிய விடுவேன்."

பட்டதாரி ஒரு கூரியர் கம்பெனியில் புகார்களுக்குப் பதில் எழுதும் வேலையில் இருந்தான். அங்கும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான் என்று தோன்றியது. ஆனால் சொன்னது வேறு.

"கோழி எனக்கொண்ணும் புதுசு இல்லண்ணே. கிராமத்துல கோழியோடதான் வளர்ந்தேன். அதுக்கு மேல பாட்டனி டிகிரி."

உண்மை என்னவென்றால், அவன் வீட்டுக் கோழிகள் தாமாக மேய்ந்து, தாமாக அடைந்து, தாமாகக் குஞ்சு பொரித்துக்கொண்டன. அவற்றின் வளர்ப்பில் இவன் பங்கு கல்லெறிந்தது மட்டுமே. ஆனால் நெட்டை மனிதர் இந்த நகரத்தின் இரண்டு தெருவுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர். கிராமம் என்ற சொல்லைக் கேட்டதும் சேவலைக் கொஞ்சம் இவன் பக்கமாகத் திருப்பிக் காட்டினார்.

அவருக்கு மூன்றாம் மாடியில் வீடு. இருபத்திரண்டு வருடமாகப் பல்செட் செய்கிறார். டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து, முகமே தெரியாத வாய்களுக்குப் பல் கட்டுவது அவர் வேலை. ராவுகிற தூள் நெஞ்சில் இறங்கி இருமல் வந்தபோது, தினம் ஒரு மணி நேரம் திறந்த வெளியில் நிற்கச் சொன்னார்களாம். மொட்டை மாடியில் தனியாளாக நின்று என்ன செய்வது? பேன்டம் என்கிற குள்ளக் கோழி ஒரு ஜோடி வாங்கி விட்டார். அதிலும் குட்டைக்கால் ரகம். பதினோரு வருடமாகிறது. இருமல் போய்விட்டது, கோழி போகவில்லை.

தொழிலும் பொழுதுபோக்கும் ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிட்டிருந்தன. வாய்க்குள் வைத்துப் பல் அச்செடுக்கும் குதிரைலாடத் தட்டுகளில்தான் குஞ்சுகளுக்குத் தீனி. கொண்டையில் மருந்து தடவ மெழுகு செதுக்கும் கரண்டி. முட்டைக்குள் உயிர் இருக்கிறதா என்று பார்க்க, பல்செட் கடையிலிருந்து கொண்டுவந்த சின்ன டார்ச்.

"அந்தச் சேவலை உத்துப் பாக்குற மாதிரி என்னை ஒரு நாள் பாத்திருப்பாரா?" என்பார் அவர் மனைவி. அவரைப் பட்டதாரி அண்ணி என்று கூப்பிடத் தொடங்கியிருந்தான். "எனக்கும் ரெண்டு ரெக்கை இருந்திருந்தா பிழைச்சிருப்பேன் தம்பி."

மாடியில் மொத்தம் ஐந்து. மேனேஜர், குட்டைக்கால் பெட்டை இரண்டு, முட்டை இடாவிட்டாலும் எந்த முட்டையைக் கண்டாலும் அடை உட்காரும் ஒரு கிழட்டுக் கோழி, பெயர் நர்ஸ், பிறகு கொக்கு. கொக்கும் இதே வம்சம்தான், கால் மட்டும் நீளம். பல்செட்காரரின் கவலையெல்லாம் மேனேஜரைப் பற்றி. வயதாகிவிட்டது, நடை தளர்ந்துவிட்டது. இந்த ஈட்டு முட்டைகளில் அதற்கு ஒரு குட்டைக்கால் மகன் பிறந்தாக வேண்டும். இல்லாவிட்டால் பதினோரு வருட வம்சம் முற்றுப்புள்ளி.

அந்த நேரம் பார்த்து வெளியூரில் இருக்கும் மூத்த மகளுக்குப் பிரசவம். கணவனும் மனைவியும் கிளம்பியாக வேண்டும், இரண்டு வாரம்.

"கொக்கு முட்டை நாலு எடுத்து வச்சிருக்கேன், நீளமா வெள்ளையா இருக்கும்" என்றார் பல்செட்காரர், கையில் பயணப் பெட்டியோடு. "இன்னும் நாலு சேர்ந்ததும் நர்ஸுக்கு அடை வச்சிடு. குட்டைங்க முட்டை பழுப்பா இருக்கும். அதை நீ பொரிச்சுத் தின்னுக்கோ. தெரியும்ல?"

"என்கிட்ட போய்க் கேக்குறீங்களேண்ணே."

ஆட்டோ தெருமுனை திரும்புவதற்குள் பட்டதாரிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. குட்டைக்கால் குஞ்சு வேண்டும் என்கிறார், நெட்டைக்கால் கோழியின் முட்டையை அடை வைக்கச் சொல்கிறார். பாவம், படிக்காத மனுஷன்! கல்லூரியில் முதல் வருடமே பட்டாணிச் செடிப் பாடம் உண்டு. குட்டைச் செடியோடு குட்டைச் செடியைச் சேர்த்தால் அத்தனையும் குட்டை, ஒன்றுகூடத் தப்பாது. பத்து மதிப்பெண் கேள்வி. அதில் ஒன்பது வாங்கியவன் இவன்.

கொக்கைப் பிடித்துத் தனிக் கூண்டில் அடைத்தான். பழுப்பு முட்டை எட்டு சேர்ந்ததும் நர்ஸுக்கு அடை வைத்தான். அலுவலகத் தாளில் கட்டம் போட்டு, அம்புக்குறி வரைந்து, 'நூறு சதவீதம் குட்டை' என்று சிவப்பில் எழுதிக் கூட்டுக் கதவில் ஒட்டினான். வெள்ளை முட்டை நாலையும் வெங்காயம் போட்டு ஆம்லெட்டாக்கித் தின்றான். நன்றாகவே இருந்தது.

பல்செட்காரர் தாத்தாவாகித் திரும்பி வந்தபோது அடை வைத்துப் பத்து நாளாகியிருந்தது. பையைக்கூட வீட்டில் வைக்காமல் நேரே மாடிக்கு வந்தார். கதவில் ஒட்டியிருந்த தாளை மேலிருந்து கீழே படித்தார்.

"என்ன இது?"

"சயின்ஸ்ண்ணே."

"என் வெள்ளை முட்டை?"

"அது கலப்படம்ணே. அதனால… ஆம்லெட்."

பின்னால் மூச்சு வாங்க ஏறி வந்த அண்ணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கணவர் முகத்தைப் பார்த்ததும் பாதியில் விழுங்கிக்கொண்டார்.

அவர் ஒவ்வொரு முட்டையாக எடுத்து, கைக்குழிக்குள் வைத்து டார்ச் அடித்தார். மூன்று கூமுட்டை. இரண்டில் சிவப்பாக ஒரு வளையம் மட்டும் தெரிந்தது. உயிர் வந்து, நின்றுபோனவை. மிச்சம் மூன்று.

"குட்டையும் குட்டையும் சேர்ந்தா நாலுல ஒண்ணு ஓட்டுக்குள்ளயே செத்துடும். சேவலும் கிழம், பெட்டைக்கும் காலில்ல, பாதி முட்டை கருவே பிடிக்காது. அதுக்குத்தான்டா கொக்கை வச்சிருக்கேன். அதோட சேர்த்தா ஒண்ணும் சாகாது, பாதிக்குப் பாதி குட்டையா வரும்."

"நீங்க சொல்லவே இல்லையேண்ணே."

"கோழியோட வளர்ந்தேன்னு சொன்னியே. உனக்குப் போய் இதைச் சொல்லணுமான்னு விட்டுட்டேன்."

மறுபடி கொக்கின் முட்டையை எடுக்கலாமென்றால், தனிக் கூண்டில் கிடந்த கோபத்தில் அது இறகு உதிர்த்து முட்டையை நிறுத்திவிட்டிருந்தது.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்குத்தான் உதவாது. இவன் ஏடு முட்டையையே கொன்னுடுச்சே" என்றார் அண்ணி.

அன்று அறைக்குப் போய்ப் பழைய புத்தகத்தைத் தேடி எடுத்தான். பட்டாணிப் பாடத்தின் கடைசிப் பக்கத்தில், சில உயிர்களில் ஒரு குணம் தாய், தகப்பன் இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தால் அந்த உயிர் கருவிலேயே இறக்கும் என்று ஒரு பத்தி கிடந்தது. ஓரத்தில் பென்சிலால், அவன் கையெழுத்திலேயே, 'முக்கியமில்லை, பரீட்சைக்கு வராது.'

பல்செட்காரர் ஒன்பது நாள் அவனோடு பேசவில்லை. சொல்ல வேண்டியதை மேனேஜரிடம் சொல்வார். "சிலபேர் தண்ணியாவது மாத்தி வைக்கலாம், இல்ல மேனேஜர்?" பட்டதாரி மாற்றி வைப்பான்.

இருபத்தோராம் நாள் மூன்றும் பொரிந்தன. இரண்டு நெட்டை, ஒன்று குட்டை. அந்த ஒன்று சேவலாக இருக்க வேண்டும். பட்டதாரி தினமும் பல் விளக்குமுன் போய், கொண்டை சிவக்கிறதா என்று அதன் உச்சந்தலையைப் பார்த்தான். தன் பரீட்சை முடிவைக்கூட இப்படிப் பார்த்ததில்லை. ஏழாவது வாரம் ஒரு காலை, ஏழு மணிக்குப் பெட்டியைத் திறந்தபோது மேனேஜர் வெளியே வரவில்லை. செத்துப்போயிருந்தது. பல்செட்காரர் அன்று கடைக்குப் போகவில்லை. ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு வந்த பட்டதாரியைப் போகச் சொல்லவும் இல்லை.

பத்தாவது வாரம் நெட்டைக் குஞ்சு ஒன்றுக்குக் கொண்டை ரத்தமாகச் சிவந்தது. குட்டைக்கு வெளிறியே இருந்தது. பெட்டை.

"முடிஞ்சுது" என்றார் பல்செட்காரர்.

பட்டதாரி தொண்டையைச் செருமினான். "அண்ணே, அடிக்காதீங்க. சேவல்தான் குட்டையா இருக்கணும்னு கட்டாயமில்ல. ஏதாவது ஒரு பக்கம் குட்டையா இருந்தா போதும். இந்த நெட்டைச் சேவலை அந்தக் குட்டைப் பெட்டையோட விட்டா…"

"மறுபடியும் சயின்ஸா? நெட்டைச் சேவலை வச்சு நான் என்னைக்குமே குஞ்சு எடுத்ததில்ல. அது எப்படி சரியா வரும்?"

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அண்ணி திரும்பினார். அவர் கணவரின் தோளுக்குக் கீழேதான் வருவார். "ஏன் வராது? நீங்க நெட்டை, நான் குட்டை. ரெண்டு புள்ளை பெத்து, பேரனும் பாத்தாச்சு."

பல்செட்காரர் மனைவியை மேலும் கீழும் உற்றுப் பார்த்தார். பிறகு போய்க் கூட்டுக் கதவைத் திறந்துவிட்டார்.

அது நடந்து ஒன்றரை வருடமாகிறது. முதல் ஈட்டில் ஏழு முட்டைக்கு ஆறு குஞ்சு பொரிந்தது. அதில் மூன்று குட்டை. மூன்றில் ஒன்று சேவல். பல்செட்காரர் இப்போதும் அதே கடையில் பல் கட்டுகிறார், சனிக்கிழமை மட்டும் அரை நாள். மாடியில் ஒன்பது கோழிகள் இருக்கின்றன. பட்டதாரி அதே அறையில், அதே கூரியர் வேலையில் இருக்கிறான். தீனி வைக்கவும் தண்ணீர் மாற்றவும் அவனுக்கு அனுமதி உண்டு. முட்டையைத் தொட இல்லை.