கத்திக்குப் பயந்து சொன்ன "ஆமாம்"

எங்கள் தெரு சலூன்காரர் கடையில் அரசியலுக்குப் பஞ்சமே கிடையாது. காலையில் ஆட்சியைக் கவிழ்ப்பார்கள், மத்தியானத்துக்குள் புது மந்திரிசபையும் அமைத்துவிடுவார்கள். அவருக்கும் அதில் கொள்ளை ஆசை. ஆனால் நாற்காலியில் உட்காருகிறவர் எந்தக் கட்சியோ, அந்த நேரத்துக்கு அவரும் அந்தக் கட்சி. "எதிர்த்துப் பேசினா உட்கார்ந்திருக்கறவர் தலை ஆடும். கையில கத்தி இருக்கே!" என்பார்.

இந்தத் தொழில் தர்மம்தான் அவரை வம்பில் மாட்டிவிட்டது. சவரத்துக்கு வந்த கவுன்சிலர், தெருமுனை சுகாதார நிலையத்தை நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் மாற்றப்போவதாகச் சொன்னார். "நல்லதுதானே?" கத்தி கவுன்சிலரின் தொண்டைக்குழியில் இருந்தது. "ஆமாங்க" என்றார் இவர்.

இவர் மனைவிக்கு மூச்சிரைப்பு. இழுக்க ஆரம்பித்தால் கைத்தாங்கலாக அங்கேதான் ஓடவேண்டும். நெடுஞ்சாலையைக் கடப்பதற்குள் உயிர் போய்விடும்.

வார்டுக் கூட்டத்தில் கவுன்சிலர், "தெருவுக்கே சம்மதம். நம்ம சலூன்காரரே என்கிட்ட சொன்னாரு" என்றார். மனைவி இவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பதில் ஓர் அறையே விட்டிருக்கலாம். கடையில் ஆட்சி கவிழ்க்கும் சூரர்கள் எல்லாம் மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடை இருப்பது கவுன்சிலருடைய மச்சானின் கட்டடத்தில். வாயைத் திறந்தால் பிழைப்பில் மண். இருந்தும் சலூன்காரர் எழுந்தார்.

"நான் சொன்னது பொய்ங்க."

"என்னய்யா, என்னைப் பொய்யன் ஆக்கறீங்களா?"

"நான்தாங்க பொய்யன். உங்க கழுத்துல கத்தி இருந்துச்சு, ஆமான்னேன். இங்க இருக்கற எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கேன். இப்ப கையில கத்தி இல்ல. அந்த இடம் போச்சுன்னா இவ பொழைக்க மாட்டா. எனக்குச் சம்மதம் இல்ல."

அத்தனை பேர் முகமும் சுருங்கியது. அவர் தன் கட்சி என்று ஒவ்வொருவரும் நம்பியிருந்தார்கள். அவருக்கு ஆதரவாக ஒரு கைகூட உயரவில்லை.

மளிகைக்கடைக்காரர் மெல்ல எழுந்தார். "அப்ப எங்க கட்சிதான் ஜெயிக்கும்னு சொன்னது?"

"அதுவும்தாங்க."

"அதுக்கு உங்களை அப்புறம் கவனிச்சுக்கறேன்" என்று முறைத்தபடியே கையைத் தூக்கினார். "எங்கம்மாவுக்கும் அங்க இருக்கற டாக்டர்தான். எனக்கும் சம்மதம் இல்ல." பிறகுதான் மற்ற கைகள் எழுந்தன. கவுன்சிலர் தீர்மானத்தைக் கைவிட்டார்.

வாசலில் கவுன்சிலரின் மச்சான் காத்திருந்தான். "அடுத்த மாசம் கடையைக் காலி பண்ணிடுங்க. சரியா?"

மனைவி அவர் கையை இறுகப் பிடித்தாள்.

"சரியில்லைங்க" என்றார்.