சரி செய்த குரல்

மயிலாப்பூர் நீரஜாவின் பாட்டு வகுப்புக்கு யூடியூப்பில் ஏராளமான ரசிகர்கள். பாடுவது, படம் பிடிப்பது, எடிட் செய்வது எல்லாம் அவள் ஒருத்திதான். சாதகம் செய்யவே நேரமில்லாமல் போனபோது எடிட்டிங்கை ராயப்பேட்டை சஃப்வானிடம் ஒப்படைத்தாள்.

அவன் அனுப்பிய முதல் வீடியோவில், மேல் ஸ்தாயியில் எப்போதும் பிசிறும் அவள் குரல் கம்பி மாதிரி நின்றது.

"என்னப்பா பண்ணினே?"

"லேசா சுருதிய சரி பண்ணேன் மேடம். இப்ப எல்லாரும் பண்றதுதான்."

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தாள். வீடியோ வெளியானதும் பாராட்டுகள் வந்து குவிய, அடுத்த பாட்டையும் அவனுக்கே அனுப்பினாள்.

அந்த வீடியோக்களைக் கேட்டுத்தான் அடையாறில் ஒரு சபா அவளைக் கச்சேரிக்கு அழைத்தது. சின்ன வயதிலிருந்து அவள் ஏங்கிய மேடை. முதல் கீர்த்தனையிலேயே, மேலே போன இடத்தில் குரல் உடைந்தது.

"ஃபோன்ல பாடினது இவதானா?" என்று முன்வரிசை மாமி ஒருத்தி கேட்டது மேடைவரை எட்டியது. ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். மங்களம் பாடும்போது எதிரே அவள் கணவன் ஸ்ரீவத்சனும் மைக்செட்காரரும்தான் மிச்சம்.

"அடுத்த தடவை நன்னா பாடிடுவே, விடு," என்றான் ஸ்ரீவத்சன். அடுத்த தடவை என்று ஒன்று இல்லை என்பது அவனுக்கும் தெரியும்.

மறுநாள் காலையில் ஃபோனில் தன் வீடியோவைப் போட்டு, கூடவே பாடிப் பார்த்தாள். இரண்டாவது வரியில் அவளால் முடியவில்லை. வாயை மூடிக்கொண்டாள். ஃபோனில் அவள் பாடிக்கொண்டே இருந்தாள்.