தராததும் வராததும்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் தள்ளுபடி. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் அதைக் கேட்டுவிட்டு, விலையைக் குறைத்துக் கொடுக்கிற தாராள மனசுக்காரி போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். ஒரு வாரத்தில் விஷயம் புரிந்துவிடும். இழப்பீடு கேட்டு வருகிற கோரிக்கைகளில் பாதிக்கு மேல் 'தள்ளுபடி செய்யப்படுகிறது' என்று முடிவெழுதுகிறவள் அவள்தான். பெயர் காதில் விழுந்தாலும் அவள் கோபித்துக்கொள்வதில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

அது அரசாங்கத்தின் ஏற்றுமதிக் காப்பீட்டு அலுவலகம். நான்காவது மாடி. லிப்ட் வாரத்தில் மூன்று நாள் ஓடும். எந்த மூன்று நாள் என்பது லிப்டுக்கே தெரியாது. சரக்கை வெளிநாட்டுக்குக் கடனுக்கு அனுப்புகிறவர்கள் இங்கே பாலிசி எடுப்பார்கள். பணம் வராமல் போனால் பெரும்பகுதியை அரசாங்கம் ஈடுகட்டும். வராமல் போக இரண்டு வழி உண்டு. வாங்கியவன் கையை விரித்துவிடலாம். அது வணிக இடர். அல்லது வாங்கியவன் நல்லவனாகவே இருக்க, அவன் நாடு கெட்டுப்போகலாம். ஆட்சி கவிழும், சண்டை மூளும், ஒரு டாலர்கூட வெளியே போகக் கூடாது என்று உத்தரவு வரும். அது அரசியல் இடர். இரண்டுக்கும் சேர்த்துப் பாலிசி எடுத்தால் பிரீமியம் கையைக் கடிக்கும். சின்னப் பட்டறைக்காரர்கள் பலர் இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டு, வாங்குகிறவன் நல்லவன் என்கிற தைரியத்தில் தூங்கப் போவார்கள்.

கட்டில்காரரும் அப்படித் தூங்கப் போனவர்தான். ஆஸ்பத்திரிக்கு இரும்புக் கட்டில் செய்கிறவர். தலைமாட்டைத் தூக்கி இறக்கும் கைப்பிடி, நாலு காலிலும் சக்கரம். பதினோரு வருஷமாக ஒரே வியாபாரிக்கு அனுப்பிவந்தார். கடைசியாக இரண்டு கன்டெய்னர் அனுப்பிய மாதத்தில் அந்த நாட்டில் ஆட்சி கவிழ்ந்தது. பணம் வரவில்லை. பட்டறையில் பதினாறு பேருக்கு இரண்டு மாதச் சம்பளம் நின்றுபோயிருந்தது.

அவருடைய படிவத்தைப் படித்து முடிக்க அவளுக்கு ஐந்து நிமிடம் போதுமாயிருந்தது. பதினான்காம் கட்டத்தில், முத்து முத்தான கையெழுத்தில் அவர் எழுதியிருந்தார்: 'அங்கே கலவரம் நடப்பதால் வாங்கியவர் பணம் தரவில்லை.'

தரவில்லை. அப்படியென்றால் வாங்கியவன் தவறியிருக்கிறான். வணிக இடர். இவரிடம் இருப்பதோ அரசியல் இடர் பாலிசி மட்டும். அவள் முடிவை எழுதப் பேனாவைத் திறந்துவிட்டாள். ஆனால் படிவத்துக்குப் பின்னால் அந்த ஊர் வங்கியின் சான்றிதழ் ஒன்று குத்தியிருந்தது. வியாபாரி முழுத்தொகையையும் தன் நாட்டுப் பணத்தில் கட்டிவிட்டதாகவும், அதை டாலராக மாற்றி அனுப்ப அனுமதி இல்லை என்றும் அது சொன்னது. கட்டிய தேதி, கட்டில்காரர் படிவத்தை எழுதியதற்கு ஒன்பது நாள் முந்தையது.

அவரை வரச் சொன்னாள். அன்றைக்கு லிப்ட் ஓடாத நாள். மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தார். வெல்டிங் பொறி பட்ட சட்டையில் சின்னச் சின்ன ஓட்டைகள்.

"தண்ணி குடிங்க முதல்ல" என்றாள். "அவர் பணம் கட்டினது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே போன் பண்ணிட்டாரு மேடம். நான் கட்டிட்டேன், என் பேங்க்லயே கெடக்கு, வெளிய விட மாட்டேங்கிறான்னு அழாத குறையாச் சொன்னாரு. தங்கமான மனுஷன்."

"அப்ப அந்தத் தங்கமான மனுஷன் தரலன்னு ஏன் எழுதினீங்க? கட்டிட்டாரு, இங்க வரலன்னுல்ல எழுதணும்?"

அவர் அவளை வினோதமாகப் பார்த்தார். "நீங்க கேட்டதுக்குத்தானே மேடம் பதில் எழுதினேன்?"

"நான் எங்க கேட்டேன்?"

"இதோ." கறுத்த விரலால் பதினான்காம் கட்டத்தின் தலைப்பைத் தொட்டுக் காட்டினார். 'வாங்கியவர் பணம் தராததற்கான காரணம்.' "தராததுக்குக் காரணம் என்னன்னு கேட்டா, இன்னதுனால தரலன்னுதானே எழுத முடியும்? பரீட்சையில கேள்வி ஒண்ணு, பதில் வேற ஒண்ணுன்னா மார்க் போடுவாங்களா? அதான் எட்டாவதோட என்னை வீட்டுக்கு அனுப்பிட்டாங்களே." சொல்லிவிட்டுச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அந்தத் தலைப்பை எழுதியவள் அவள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், அன்னிய மொழியில் மட்டும் இருந்த படிவத்தை மக்கள் பேசுகிற மொழியில் போட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. யார் தலையில் கட்டுவது என்று பார்த்தார்கள். அவள் தலை வாகாக இருந்தது. வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள், அப்பா சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்கியவர், எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். அவர் படித்தால் புரிகிற மாதிரி எழுத வேண்டும் என்று அவள் ஒரு வைராக்கியத்தோடு உட்கார்ந்தாள். மூலத்தில் பதினான்காம் கட்டத்துக்கு நேர்ச்சொல் 'தொகை பெறப்படாமைக்கான காரணம்'. பெறப்படாமை! இதை வாயில் போட்டு மெல்லவா முடியும்? அடித்துவிட்டு 'பணம் தராததற்கான காரணம்' என்று எழுதினாள். எவ்வளவு எளிமை என்று அப்போது பூரித்துப் போனாள். பெறப்படாமை கரடுமுரடான சொல்தான். ஆனால் அது யார் மீதும் பழி போடவில்லை. அவளுடைய எளிமை போட்டது.

அப்பாவுக்கு ஒரு படிவம் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டுச் சுவரில் மாட்டிவிட்டார். இன்னும் தொங்குகிறது.

கட்டில்காரரை அனுப்பிவிட்டு மேலாளரின் அறைக்குப் போனாள். அவளைவிட எட்டு வயது சின்னவர்; கெட்டவர் இல்லை. அவசரக்காரர்.

"தள்ளிவிட வேண்டியதுதானே?" என்றார் படிவத்தையும் சான்றிதழையும் பார்த்ததும். "முதல்ல எழுதிக் கொடுத்த காரணம்தான் செல்லும்னு விதி இருக்கு. யாராவது விவரம் தெரிஞ்சவன் சொல்லிக்கொடுத்த பிறகு எல்லாரும்தான் வரல வரலன்னு பாட்டை மாத்துவாங்க. இந்த விதியை நீங்கதானே எனக்கே பாடம் எடுத்தீங்க?"

"பணம் கட்டின தேதி முந்தி இருக்கே சார்."

"அதான் நானும் கேக்கறேன். முந்தியே கட்டியிருந்தா, அன்னிக்கே ஏன் வரலன்னு எழுதல? பணம் கொடுக்கணும்னா கமிட்டி ஒத்துக்கணும். அங்க இந்த ஒரு கேள்வி கேப்பாங்க. பதில் இருக்கா?"

"இருக்கு. நம்ம படிவம் தப்பாக் கேக்குது."

மேலாளர் படிவத்தை எடுத்துப் படித்தார். இரண்டாம் முறை மெதுவாகப் படித்தார். "இதை யாரு மொழிபெயர்த்தது?"

படிவத்தின் அடியில் 'மொழியாக்கம்: கோரிக்கைப் பிரிவு' என்று மட்டும்தான் இருந்தது. அன்றைக்கு அந்தப் பிரிவில் இருந்தவர்களில் பாதிப் பேர் ஓய்வுபெற்றுவிட்டார்கள், ஒருவர் இறந்தும் போய்விட்டார். பழியைச் சுமக்க ஆள் நிறைய. அந்த நினைப்பு வந்ததையே அவள் அசிங்கமாக உணர்ந்தாள்.

"நான்தான் சார்."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "பன்னெண்டு வருஷம். இதே காரணத்துக்கு எத்தனை பேரைத் தள்ளியிருப்பீங்க? இந்த ஒரு கட்டிலுக்காக வாயைத் திறந்தா அத்தனை ஃபைலும் எந்திரிச்சு வந்து வரிசையில நிக்கும். யோசிச்சுக்கோங்க. கமிட்டி வெள்ளிக்கிழமை."

அன்று மாலை அப்பாவைப் பார்க்கப் போனாள். போனதும் சுவருக்கு முன்னால் நின்றாள்.

"என்ன பாப்பா, புதுசாப் பாக்கற?" என்றார் அப்பா. அவளுக்கு நாற்பத்தாறு வயது.

"இதுல ஒரு தப்பு இருக்குப்பா."

"அச்சடிச்சதுலயா? போ, போ. அச்சுல எப்படித் தப்பு வரும்?"

"நான் எழுதினதுல தப்பு. பதினாலாவதைப் படிங்க."

அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு விரலை ஓட்டினார். "வாங்-கி-ய-வர் பணம் த-ரா-த... ஏன் தரலைன்னு கேக்குது. நல்லாப் புரியுதே."

"தரலைன்னு யார்ப்பா சொன்னா? தந்திருப்பான், வழியில எவனோ மறிச்சிருப்பான்."

அப்பா விரலை மறுபடி அந்த வரிக்குக் கொண்டுபோனார். "அப்ப இது கேள்வி கேக்கல. முதல்லயே திருடன்னு சொல்லிட்டு, ஏன்டா திருடினேன்னு கேக்குது."

அவள் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். படித்தவர்கள் ஆறு பேர் அந்தப் படிவத்தைச் சரிபார்த்திருந்தார்கள். அப்பாவிடம் அதைக் கொடுத்த அன்று புரிகிறதா என்று மட்டும்தான் கேட்டாள். புரிகிறது என்றார். அதற்கு மேல் அவரையும் கேட்கவில்லை, தன்னையும் கேட்டுக்கொள்ளவில்லை.

"இத எழுதினது நீன்னு அங்க தெரியுமா?" என்று அப்பா கேட்டார்.

"இன்னிக்குச் சொல்லிட்டேன்."

"வேலைக்கு ஏதும் வருமா?"

"வேலை போகாதுப்பா. வேலை கூடும்."

"உனக்கு எப்பவுமே அதுதான்" என்றார் அப்பா.

அடுத்த இரண்டு நாளும் பழைய கோப்புகள் இருக்கிற கீழ்த்தள அறையில் போயின. ஒரு குழல்விளக்கு கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது. அரசியல் இடர் பாலிசி மட்டும் வைத்திருந்து, 'தரவில்லை' என்று எழுதியதற்காகவே தள்ளப்பட்டவை பதினேழு. அதில் பதினோரு பேரைச் சரக்கு வாங்கியவர்கள் உண்மையாகவே ஏமாற்றியிருந்தார்கள். மிச்சம் ஆறு பேர், பணம் அங்கே வங்கியில் கிடக்கிறது என்று பிறகு கடிதம் எழுதியிருந்தார்கள். ஆறு பேருக்கும் ஒரே பதில்: முதலில் தெரிவித்த காரணமே செல்லும். கீழே அவள் கையெழுத்து. முதல் கோப்பில் அது நிதானமாக, பேர் முழுக்கத் தெரிந்தது. ஆறாவதில் ஒரு கோடும் ஒரு சுழியும்தான்.

அந்த ஆறு பேரில், மூக்குக்கண்ணாடிச் சட்டம் செய்கிற ஒருவர் மூன்று கடிதம் போட்டிருந்தார். முதல் கடிதம் நான்கு பக்கம், இரண்டாவது ஒரு பக்கம். மூன்றாவதில் ஒரே ஒரு வரி: 'நான் எழுதியதில் என்ன தப்பு என்று மட்டும் சொல்லுங்கள்.'

அவள் அந்தக் கடிதத்தை முன்பே படித்தவள்தான். படித்ததற்கு அடையாளமாக ஓரத்தில் பச்சை மையில் டிக் போட்டிருந்தாள்.

வியாழக்கிழமை குறிப்பை எழுதினாள். பதினான்காம் கட்டம் பதிலைத் தானே சொல்லிக்கொடுக்கிறது. ஆகவே கட்டில்காரர் எழுதிய 'தரவில்லை'யை அவருடைய வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மொழியாக்கத்தைச் செய்தவள் நான். இதே தப்பால் தள்ளப்பட்ட ஆறு கோரிக்கைகளை மறுபடி திறக்க வேண்டும்.

மேலாளர் படித்துப் பார்த்தார். "முதல் பாதி போதும். கட்டில்காரருக்குக் கிடைச்சிடும். அந்த ஆறையும் எதுக்கு இழுக்கறீங்க? அவங்க யாரும் இப்பக் கேக்கவே இல்லையே."

"கேட்டாங்க சார். நான்தான் பதில் சொல்லல."

வெள்ளிக்கிழமை கமிட்டி ஒரு மணி நேரம் பேசியது. கட்டில்காரரின் கோரிக்கை ஏற்கப்பட்டது. ஆறு கோப்புகளையும் மறுபரிசீலனை செய்யலாம், ஆனால் அதற்கென்று கூடுதல் ஆள் தர முடியாது, அவளே பார்க்க வேண்டும் என்று முடிவாயிற்று. கையோடு அவளிடம் விளக்கம் கேட்டு ஒரு மெமோவும் வந்தது. எழுதியதையே இன்னொரு முறை எழுதிக் கொடுத்தாள். இரண்டாயிரம் படிவம் அச்சாகிக் கிடந்ததால், பதினான்காம் கட்டத்தின் மேல் ஒட்டத் துண்டுச்சீட்டு அடித்தார்கள்: 'பணம் உங்களுக்கு வந்து சேராததற்கான காரணம்.' மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவளே உட்கார்ந்து ஒட்டினாள். ஒன்றை அப்பா கேட்டு வாங்கிக்கொண்டார். பிளாஸ்டிக் உறையின் மேலேயே கோணலாக ஒட்டினார்.

கட்டில்காரர் போன் செய்தார். "ரொம்ப நன்றி மேடம். நாலு பேரு அதுக்குள்ள வேற வேலை பாத்துட்டுப் போயிட்டாங்க. மத்தவங்க இருக்காங்க." நன்றியைக் கேட்டுக்கொள்ள அவளுக்குக் கூச்சமாக இருந்தது. திருடியவளே திருப்பிக் கொடுத்தால் அதற்கொரு நன்றியா?

ஆறு பேருக்கும் பதிவுத் தபால் அனுப்பினாள். நான்கு பேரிடமிருந்து பதில் வந்தது. அவர்களில் ஒருவர் நம்பவே இல்லை, நேரில் வந்து நான்கு மாடி ஏறிக் கடிதத்தைக் காட்டி, இது நிஜமா என்று கேட்டுவிட்டுப் போனார். ஐந்தாமவரிடமிருந்து ஒன்றும் இல்லை. மூக்குக்கண்ணாடிக்காரருடைய உறை மட்டும் திரும்பி வந்தது. பட்டறை இருந்த இடத்தில் இப்போது வேறு ஏதோ கடை என்று தபால்காரர் பென்சிலால் குறித்திருந்தார்.

தபால் பிரிவுக்காரர் பதிவேட்டை விரித்தபடி அவள் மேஜைக்கு வந்தார். எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனிதர். "தள்ளு... மன்னிக்கணும் மேடம். இது திரும்பினதுக்குக் காரணம் எழுதணும். வழக்கம்போல 'பெறுநர் வாங்கவில்லை'ன்னு போட்டுடட்டுமா?"

அவள் உறையைக் கையில் வாங்கித் தன் கையெழுத்தில் இருந்த பழைய முகவரியைப் பார்த்தாள்.

"அப்படிப் போடாதீங்க" என்றாள். "அவருக்குப் போய்ச் சேரலன்னு எழுதுங்க."

"ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். ரொம்ப அலுப்பாக இருந்தது. பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்து, அந்த வரியைத் தானே எழுதிக் கொடுத்தாள். பிறகு அந்த ஊர்த் தொழில் பதிவு அலுவலகத்தின் நம்பரைத் தேட ஆரம்பித்தாள்.