பெத்லகேம் போன ரயில்

சென்ற வாரம் திருச்சியில் மைத்துனர் வீட்டுக்குப் போயிருந்தேன். கிறிஸ்துமஸ் குடிலைச் சுற்றி ஒரு ரயில் ஓடிக்கொண்டிருந்தது. செல்போனைத் தட்டினால் கூவுகிறது, புகை விடுகிறது, இந்தியில் அறிவிப்புகூடச் செய்கிறது. "எல்லாம் ஆன்லைன்ல வந்ததுங்க மச்சான்" என்றார், என்னவோ தானே செய்து முடித்த மாதிரி. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். ஒரு திருகாணி கிடையாது. கழற்றவே முடியாத ஒரு சாமான், அதற்கு இவ்வளவு பீற்றல்.

குடிலுக்காகத் தட்டில் முளைக்கவிட்டிருந்த கேழ்வரகு நாற்றிலிருந்து ஈர வாசனை வந்தது. அது ஒன்றுதான் அங்கே அசல். அந்த வாசனை என்னை ஆவூர்ப் பக்கத்து எங்கள் வீட்டில் கொண்டுபோய் விட்டது.

பெத்லகேமில் ஏது ரயில் என்று கேட்காதீர்கள். எங்கள் பங்குக் கோயில் வருஷாவருஷம் வீடு வீடாக நடத்தும் குடில் போட்டியில் விமானம் இறங்கிய வருஷம்கூட உண்டு. அப்போது நான் பக்கத்துக் கீரனூருக்குப் போய் அங்கிருந்து தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு திருச்சிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். தம்பி அமல்ராஜ் டிப்ளமோ முடித்துவிட்டு வீட்டில் இருந்தான். கீரனூரில் எலெக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் கடை போட ஆசை அவனுக்கு. ஹெட்மாஸ்டரான அப்பாவுக்கோ அவனைக் கத்தாருக்கு ஏற்றிவிட அவசரம். "பொம்மையப் பிரிச்சுப் போடுறவனுக்குக் கடை ஒரு கேடா?" என்பார். ஒருநாள் மட்டும் மனம் இரங்கி, "குடில்ல ஒன் ரயில நாலு பேரு மெச்சட்டும், அப்பறம் கடையப் பத்திப் பேசுவோம்" என்றார்.

போதாதா? எங்கள் வீட்டுக் குடிலைச் சுற்றி ஓடும் பொம்மை ரயிலின் மோட்டார் பெட்டியைப் பிரித்தான். வெறுமனே கீச்சிட்டுக்கொண்டிருந்த பழைய ஹாரனைப் பிடுங்கி எறிந்தான். "அண்ணே, வாரப்ப குட்டி ஸ்பீக்கர் ஒண்ணு, சத்தம் பதியிற போர்டு ஒண்ணு வாங்கிட்டு வாங்க." வாங்கி வந்தேன், எனக்குத் தெரிந்த எலெக்ட்ரானிக்ஸ் அவ்வளவுதான். கீரனூர் ஸ்டேஷனில் போய் நின்று நிஜ ரயிலின் ஹாரனைப் பதிந்து வந்தான். மோட்டார் ஓடும்போது ஸ்பீக்கர் கரகரத்தது. குறுக்கே ஒரு கெபாசிட்டரைப் பற்றவைத்து அதன் வாயை அடைத்தான். தண்டவாளத்தில் ஒரு காந்தம் வைத்தான், தொழுவத்தருகே வந்ததும் ரயில் கூவுவதற்கு. முதல்முறை கூவியபோது அப்பாவே பேப்பரை இறக்கிப் பார்த்தார்.

போட்டியன்று சாயங்காலம் அம்மா வழக்கம்போல நாற்றுத் தட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்தார். நாற்று வாடினால் குடிலுக்கு என்ன மதிப்பு? ரயிலும் அந்த நாற்றுகளுக்கு நடுவேதான் நின்றது. யாருக்கும் அது தோன்றவில்லை.

நடுவர்கள் வந்தார்கள். வெளுத்த சட்டை, கையில் பேனா, முகத்தில் உலகத்தையே திருத்தப் பிறந்த களை. ரயில் தள்ளாடி வந்து தொழுவத்தருகே நின்றேவிட்டது. போர்டு நனைந்திருந்ததால் ஹாரன் இழுத்துக்கொண்டு, "ம்ம்மாஆ" என்று அடித்தொண்டையில் வந்தது.

"அடடா, மாடு என்ன தத்ரூபமா கத்துது!" என்றார் ஒருவர். மற்றவர்கள் தலையாட்டினார்கள். கண்ணெதிரே ரயில் நிற்கிறது. அந்த மேதைகளின் காதில் மாடு விழுந்தது.

அமல்ராஜ் அப்பாவைப் பார்த்தான். அது ரயில் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"ஆமாங்க சார், மாட்டுக்குச் சத்தம் வச்சது நம்ம பயதான்" என்றார் அப்பா, பல்லெல்லாம் தெரிய.

முதல் பரிசு எங்களுக்கு. எவர்சில்வர் குடம். அதையும் அவரே கோயிலுக்குப் போய் வாங்கி வந்தார். அந்தக் குடத்தைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"மெச்சிட்டாங்கடா. கடைக்கு எடம் பாப்பமா?" என்றார்.

"வேணாம்ப்பா. விசாவுக்கே சொல்லிருங்க."

அப்பா காலமாகிவிட்டார். கீரனூரில் அவன் மனதில் வைத்திருந்த இடத்தில் இப்போது செல்போனுக்கு உறை விற்கிறார்கள். பிரித்துப் பார்க்கிற ஆளும் இல்லை, பிரிக்கிற மாதிரி சாமானும் வருவதில்லை. நேற்று கத்தாரிலிருந்து அமல்ராஜ் வீடியோ காலில் தன் வீட்டுக் குடிலைக் காட்டினான். நட்சத்திரம், தொழுவம், இடையர்கள், எல்லாம் கடையில் வாங்கியவை.

"ரயிலு எங்கடா?" என்றேன்.

"மாடு இருக்குல்லண்ணே, போதும்."