எர்சிலியாவின் புள்ளிபோட்ட கோட்

சிறுத்தைப் புள்ளி போட்ட கோட்டின் கைகளை முழங்கைவரை சுருட்டிவிட்டு, அதற்குமேல் ரப்பர் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு மட்டிச் சிப்பி அள்ளுகிறாள் எர்சிலியா. நாப்போலியின் போர்த்தா நொலானா மீன்சந்தையில் குளிர்காலம் முழுக்க இதே கோலம்தான். உதட்டுச் சாயம் பூசக் கண்ணாடி தேடமாட்டாள். மீன் வெட்டும் கத்தியின் பளபளப்பே போதும்.

"என்னக்கா, கல்யாணத்துக்குக் கிளம்பிட்டியா?" என்று யாராவது சீண்டுவார்கள்.

"உன் எழவுக்குத்தான்டா! வந்ததே வந்த, அரைக் கிலோ வாங்கிட்டுப் போ."

பக்கத்துக் கடையில் எலுமிச்சை விற்கும் எனக்குச் சிரித்து மாளாது.

அவள் மகள் மிரெல்லாவுக்கு அமைந்த வரன் கியாயாத் தெருப் பெரிய இடம். சம்பந்தியம்மாள் ஒர்த்தென்சியா, இத்தாலிய உடையலங்கார வரலாற்றுக் கண்காட்சிக்கு அருங்காட்சியகம் வரும்படி அழைத்திருந்தார். "அம்மா, உன் கால்ல விழறேன், அந்தக் கோட் மட்டும் வேணாம்மா" என்றாள் மிரெல்லா. எர்சிலியா அதைத்தான் மாட்டிக்கொண்டாள். "நீயும் வாடி" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

எண்பதுகளின் உடைகள் இருந்த அறையில், கண்ணாடிப் பேழைக்குள் நின்றது அதே கோட். அதே புள்ளி, அதே பொன்னிறப் பொத்தான். சம்பந்தியம்மாள் குனிந்து, பெரிய வடிவமைப்பாளரின் பெயர் போட்டிருந்த குறிப்பைப் படித்தார். நிமிர்ந்தபோது அவர் பார்வையில் புது மரியாதை.

"அடடே! உங்ககிட்ட அசலே இருக்கா? சொல்லவே இல்லையே!"

மிரெல்லா மூச்சைப் பிடித்துக்கொண்டு தாயைப் பார்த்தாள். சும்மா தலையாட்டிவிடு மகராசி என்று நானும் மனதுக்குள் கெஞ்சினேன்.

"அசலா? போலிங்க!" காவலர் திரும்பிப் பார்க்குமளவுக்கு முழங்கினாள் எர்சிலியா. "ரயிலடிக்குப் பின்னால வாங்கினது. அசல் வாங்க வசதி இருந்தா நான் எதுக்கு மட்டி விக்கிறேன்? ஆனா கண்ணாடிக்குள்ள நிக்கிற அது ஒரு மழையாவது பாத்திருக்குமா?"

"அம்மா, மெல்ல..." மிரெல்லாவின் காது சிவந்துவிட்டது.

"எதுக்குடி கூசற? ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை இதுக்குள்ள சுத்தித்தான் தூக்கிட்டு வந்தேன்."

மிரெல்லா தலைகுனிந்தாள். சம்பந்தியம்மாள் தயங்கித் தயங்கி, கோட்டின் கையை ஒரு விரலால் தொட்டார்.

அவ்வளவுதான். எர்சிலியா சட்டென்று அதைக் கழற்றினாள். "அதைத் தொட அந்தக் காவல்காரன் விடமாட்டான். இதைப் போட்டே பாருங்க!"

மறுப்பதற்குள் சம்பந்தியம்மாளின் ஒரு கை உள்ளே போய்விட்டது. அறையெங்கும் கடல்வாடை. கழுத்துப்பட்டிக்குள் மாட்டிக்கொண்ட அவருடைய முத்துமாலையை, மட்டி பிளந்து காய்த்துப்போன விரல்களால் வெளியே எடுத்து, புள்ளிகளின் மேல் நேராகப் போட்டுவிட்டாள் எர்சிலியா.