படிக்கட்டில் ஒரு பிரியாவிடை

காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில், சென்னை பஸ்ஸின் முன்படியை ஒட்டிய இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். புதுமணப்பெண் ஒருத்தியை வழியனுப்ப ஒரு குடும்பமே திரண்டு வந்திருந்தது. சடங்கையெல்லாம் வீட்டிலேயே முடித்து அனுப்பியிருக்கலாம். பஸ் படியில் நிறுத்திக் குங்குமமும் பூவும் வைத்தார்கள். ஏற வேண்டியவர்கள் மூட்டைகளோடு வெயிலில் நின்றார்கள். மாப்பிள்ளை உள்ளே தூங்குவதுபோல் நடித்தார்.

"வழி விடும்மா," என்றார் கண்டக்டர்.

"பொண்ணு போவுது, கொஞ்ச நேரம் நிக்க மாட்டியாபா?" என்று அதட்டினார் பெண்ணின் அத்தை.

ஒருவழியாகப் பயணிகள் எல்லோரும் ஏறினார்கள். கண்டக்டர் விசில் ஊத, பஸ் நகர்ந்தபோதும் அத்தை படியில் தொற்றிக்கொண்டு புத்திமதி சொல்லிக்கொண்டிருந்தார். கால் வழுக்கியது. கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். இல்லையென்றால் பின்சக்கரத்தில் போயிருப்பார்.

பஸ் நின்றது. அத்தை என்னை முறைத்தார்.

"நல்ல நாள் அதுவுமா வளையல உடச்சிட்டியேமா!"

இறங்கி, ஜன்னலருகே போய், விட்ட இடத்திலிருந்து புத்திமதியைத் தொடர்ந்தார்.

அன்றிலிருந்து நான் ஊருக்குக் கிளம்பினால் ஆசீர்வாதம், அழுகை, அறிவுரை மூன்றும் வீட்டு வாசலுக்குள் முடிந்துவிட வேண்டும். பஸ் நிலையத்துக்கு யாரும் வரக்கூடாது. அம்மாவுக்கு வருத்தம்தான். இரண்டு காலும் முழுசாக இருந்து வருத்தப்படட்டும்.